ஆரோக்கியவரத்தில் கூடிய சபைகள்

சென்னை–பெங்களூர் பாதையில் குப்பத்தை அடுத்த சிறு ஸ்டேஷன் குடுபல்லி. ரயில்வேயில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம். அங்கிருந்து பலமனேர், புங்கனூர் வழியாகச் சாலையில் போனால் மதனபள்ளி. அதன் அருகே ஆரோக்கியவரம்.

உலகெங்கும் ஊழியம் செய்யும் சபைகள் கைகோர்க்க வேண்டும் என்று 1910-ல் எடின்பரோவில் கூடிய மாநாடு பேசியது. பேசுவது எளிது. இங்கே அவர்களைக் கைகோர்க்க வைத்தது காசநோய்!

1915 முதல் ஆரோக்கியவரத்தில் இயங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயரே 'யூனியன் மிஷன்' சானடோரியம். அன்று அந்நோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு, அதுவும் மாதக்கணக்கில். ஒரு மிஷன் தனியாகத் தாங்கும் செலவா அது? பல மிஷன்கள் சேர்ந்து நடத்தின. அமெரிக்க ஆற்காடு மிஷன் பணி செய்த வட்டாரம். தலைமை மருத்துவரோ டென்மார்க்கின் லூத்தரன் மிஷனைச் சேர்ந்த ஃப்ரிமோட்-மோலர். திருவிருந்து பற்றி இவ்விரு சபைகளின் போதனையும் வேறு. இருமிக்கொண்டு வருகிறவருக்கு அதனால் என்ன?

தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-ல்தான். மருத்துவமனையில் சபைகள் ஒன்றுபட்டது அதற்கு 32 ஆண்டுகள் முன்பே. 1948-ல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதலில் போடப்பட்ட இடங்களில் மதனபள்ளியும் ஒன்று.