உங்களுக்குத் தெரியுமா? கைகாட்டும் பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு!

செமினியில் 2005 முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இயங்குகிறது. அதன் இணையப் பக்கத்துக்கு இணைப்பு தரும் உயர்கல்விப் பட்டியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேடுபவருக்கு இரண்டில் எது முக்கியம்?

இரண்டுமே என்றார் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் கிளைன்பர்க். நல்ல தளங்களைச் சுட்டுவது நல்ல பட்டியல். நல்ல பட்டியல்கள் சுட்டுவது நல்ல தளம். கோழியா முட்டையா கதைபோல் தோன்றும். ஆனால் எல்லாப் பக்கங்களுக்கும் சமமான மதிப்பெண் கொடுத்துத் தொடங்கி, இந்த இரு விதிகளையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டால், வரிசை ஒரு கட்டத்தில் நிலைத்துவிடுகிறது! இதுதான் ‘ஹிட்ஸ்’ முறை.

1990களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆல்மடன் ஆய்வகத்தில் இதை வளர்த்தெடுத்த ‘கிளெவர்’ குழுவில், சென்னை ஐஐடியில் படித்த பிரபாகர் ராகவனும் இருந்தார். பின்னாளில் கூகுள் தேடல் பிரிவே அவர் பொறுப்பின்கீழ் வந்தது. 1995இல் அவரோடு சேர்ந்து பாடநூல் எழுதிய ராஜீவ் மோத்வானியோ, கூகுளின் ‘பேஜ்ரேங்க்’ என்ற பக்க மதிப்பீட்டு முறையின் ஆய்வறிக்கையை எழுதியவர்களில் ஒருவர். சின்ன உலகம்தான்!

ஆனால் இரு முறைகளும் ஒன்றல்ல. பேஜ்ரேங்க் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே மதிப்பிட்டு வைத்துவிடும். ஹிட்ஸோ, தேடும் சொல்லுக்குப் பொருந்தும் பக்கங்களையும் அவற்றின் அண்டைப் பக்கங்களையும் மட்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும்.