சோயாப் பாலில் இருந்து ஒரு மீன்

சீனச் சைவச் சமையலில் மீன் என்று பரிமாறப்படும் துண்டுக்குள் இருப்பவை சோயாப் பாலின் ஆடை, மசித்த தோஃபு, ஒரு தாள் கடற்பாசி. மலேசியாவின் கெடா மாநிலத்தில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது குருண். அந்த வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணத்திலும் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சைவ மீன் புதிய பண்டமல்ல. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் மலேசியச் சீனர் பலர் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்காகச் சைவம் காக்கிறார்கள். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் அப்போது எங்கும் முளைத்துவிடும். இந்த ஒன்பது நாளும் நவராத்திரியும் அமாவாசையை வைத்தே கணக்கிடப்படுவதால், பல ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 2022, 2023, 2024 மூன்றிலும் அப்படித்தான் வந்தன. புரட்டாசி விரதக்காரர் வீட்டுக் கறிச் சட்டிக்குச் சீனர் கடைச் சைவ மீன் வந்து சேர இதைவிட ஏற்ற காலம் இல்லை.

புலாலைப் போலவே சைவத்தில் செய்து பார்க்கும் வழக்கம் சீனாவில் மிகப் பழையது. லியாங் வம்சத்து வூ பேரரசர் 517-இல் முன்னோர் வழிபாட்டில் உயிர்ப்பலியை நிறுத்தி, மாவால் செய்த உருவங்களைப் படைக்க ஆணையிட்டார். சோங் வம்சத்துக் காலத்தில் (960–1279) பெருநகரங்களில் இத்தகைய உணவுக்கென்றே தனிக் கடைகள் நடந்தன.

இந்தச் சமையலின் உயிர்நாடி சோயாப் பாலின் ஆடைதான். மலேசியாவில் இதை ஃபூச்சுக் என்று கேட்டு வாங்குவார்கள். அகன்ற பாத்திரத்தில் சோயாப் பாலைக் கொதிக்கவிடாமல் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருந்தால், சில நிமிடங்களில் மேற்பரப்பு மங்கும். பிறகு மெல்லச் சுருக்கம் விழும். சூட்டில் சோயாப் புரதங்களின் மடிப்புகள் அவிழ்கின்றன. மேற்பரப்பில் நீர் ஆவியாக ஆக அவை நெருங்கிவந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவே எண்ணெய்த் துளிகளையும் சிறைப்பிடிக்கின்றன. ஒரு குச்சியால் ஓரத்தைத் தூக்கினால் மஞ்சள் படிந்த ஆடை கிழியாமல் முழுசாக எழுந்து வரும். அதை எடுத்ததும் அடுத்தது உருவாகத் தொடங்கும். காய்ந்த ஆடையில் ஏறத்தாழ பாதி புரதம்.

மீனுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் மீனின் தசையமைப்பு. ஆட்டுத் தசையில் நீண்ட நார்கள். மீனிலோ குட்டையான தசைநார்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன; அடுக்குகளைப் பிரிப்பது மெல்லிய இணைப்புத்திசு. வெந்ததும் அந்தத் திசு கரைந்துவிடுவதால்தான் மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. ஊறவைத்த ஆடையை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்தால் அதே அடுக்கு கிடைக்கும். தோஃபுவை மட்டும் பிடித்து வைத்தால் அது புட்டுபோல் உதிருமே தவிர, மீனாகாது.

வீட்டில் செய்வது கடினமல்ல. கெட்டித் தோஃபுவைத் துணியில் கட்டி நீர் ஒட்டப் பிழிய வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரிவராது. மசித்த தோஃபுவுடன் பொடியாகக் கிழித்த ஆடை, ஊறவைத்து நறுக்கிய காய்ந்த ஷீதாக்கே காளான், உப்பு, மிளகு, இரண்டு கரண்டி மரவள்ளி மாவு சேர்த்துப் பிசைய வேண்டும். ஆடை விரிப்பின்மேல் நோரி என்னும் கடற்பாசித் தாளை வைத்து, கலவையை அரை அங்குலத்துக்குப் பரப்பி, மடித்து, ஓரத்தை மாவுக் கரைசலால் ஒட்டி, கால் மணி நேரம் ஆவியில் வேகவைத்தால் போதும். மரவள்ளி மாவு 70 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வீங்கிக் கலவையைக் கட்டிவிடும். நன்றாக ஆறிய பிறகே துண்டு போட வேண்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளைச் சதை, அதன் விளிம்பில் கரும்பச்சைத் தோல். எண்ணெயில் பொரித்ததும் மேலாடை பொன்னிறமாக மொறுமொறுக்கும்.

கடற்பாசி நிறத்துக்காக மட்டும் வைக்கப்படுவதல்ல. கடல்வாசத்துக்குக் காரணமான டைமெத்தில் சல்பைடு அதில் இருக்கிறது. சுவையூட்டும் குளுட்டமேட்டும் அதில் நிறைய உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908-இல் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்ததும் கொம்பு என்ற கடற்பாசியில் இருந்துதான். காய்ந்த ஷீதாக்கேயில் உள்ள குவனிலேட்டு அதோடு சேரும்போது சுவை பன்மடங்கு ஏறுகிறது. ஆகவே காளானைத் தவிர்ப்பது நஷ்டம்.

சீனர்கள் இதைப் பெரும்பாலும் இனிப்புப் புளிப்புச் சாற்றில் போடுவார்கள். தமிழர் வீட்டு மீன் கறிதான் இதற்கு இன்னும் பொருத்தம். கடல் மீனின் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமீன் என்ற காரப்பொருள். புளி அதை அடக்குகிறது. சைவ மீனில் அடக்க வேண்டிய வாடை இல்லை என்றாலும், புளியும் வெந்தயமும் கறிவேப்பிலையும் சேர்ந்த மணம் இல்லாவிட்டால் நாக்கு அதை மீன் கறி என்று ஏற்காது. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் வெந்து, கறி கொதித்து இறங்கும் சமயத்தில்தான் துண்டுகளைப் போட வேண்டும். புளிக்கறியில் நெடுநேரம் கொதித்தால் அமிலம் மாவுச்சத்தை உடைத்துக் கட்டைத் தளர்த்திவிடும்.

புரதத்தில் சைவ மீன் குறைந்ததல்ல. மீன் எண்ணெயில் கிடைக்கும் நீள்சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு மட்டும் இதில் கிடைக்காது. சோயாவில் உள்ள ஒமேகா-3-இல் மிகச் சிறிய பங்கையே உடல் அவ்வகையாக மாற்றிக்கொள்கிறது.

உறைபெட்டியில் விற்கும் தயார்ப் பொருள்களை வாங்குவோர் பொட்டலத்தைப் படித்தே ஆக வேண்டும். சிலவற்றில் முட்டை வெண்கரு கட்டுப்பொருளாகச் சேர்க்கப்படுகிறது. நண்டுக்குச்சி சைவமே அல்ல; கிளிமீன் போன்ற மீன்களின் சதையை அலசி அரைத்துச் செய்யும் சுரிமி அது. சீன பௌத்த சைவத்துக்கு வேறொரு விதியும் உண்டு. பூண்டு, வெங்காய வகைகளோடு பெருங்காயமும் அங்கே விலக்கப்பட்டது. பக்கத்து வீட்டுச் சீனர் விரதத்தில் இருக்கும்போது கறி கொடுத்தனுப்புவதானால், இவை மூன்றும் சேர்க்காமல் தாளித்துக் கொடுக்க வேண்டும்.