அத்தை என்றால் எந்த அத்தை?

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். வயது 38. அப்பாவின் அக்காள் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். இன்னோர் அத்தைக்குச் சினைப்பையில் புற்று. "அது அப்பா வீட்டு நோய், பெண்களுக்கு அம்மா வழியில்தான் வரும்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இது தவறு. பிராக்கா 1, பிராக்கா 2 என்னும் மரபணுக்களில் உள்ள பழுது தாய், தந்தை யாரிடமிருந்தும் வரலாம். பழுதைச் சுமப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேரும் வாய்ப்பு 50 விழுக்காடு. தந்தை நோயே இல்லாமல் வாழ்ந்திருப்பார், மகளுக்குக் கொடுத்திருப்பார். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 விழுக்காடுதான் பரம்பரையாக வருகிறது என்றாலும், பிராக்கா 1 பழுதுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 விழுக்காடு. முன்கூட்டியே தெரிந்தால் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கலாம்.

இதைப் பொறுமையாக விளக்குபவர் மரபணு ஆலோசகர். மலேசியாவில் அவர்கள் மிகச் சிலரே. எனவே கேன்சர் ரிசர்ச் மலேசியா 'மேஜிக்' என்ற ஆய்வில், சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களையே இந்த ஆலோசனை வழங்கப் பழக்கியது. அமெரிக்காவில் வேறு வழியைப் பார்த்தார்கள். யூட்டா பல்கலைக்கழகமும் நியூயார்க்கின் லாங்கோன் மருத்துவ மையமும் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில் 3,073 பேர் இடம்பெற்றனர். ஒரு பாதிப்பேருக்கு ஆலோசகர், மறுபாதிக்கு 'சாட்பாட்' எனும் உரையாடும் கணினி நிரல். விளக்கம் பெற்றவர்கள், பரிசோதனைக்குச் சென்றவர்கள் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய சமம்.

அப்படியானால் இயந்திரத்தையே நம்பலாமா என்ற கேள்வி எழும். அந்த நிரல், வல்லுநர்கள் முன்பே எழுதிவைத்த பதில்களை மட்டுமே சொன்னது. தானாகப் பதில் புனையும் இன்றைய செயலிகள் வேறு ரகம். உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் இயங்கிய 'டெஸ்ஸா', எடையைக் குறைக்க யோசனை சொல்லப்போய் 2023-இல் நிறுத்தப்பட்டது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பத்தில் யார் யாருக்கு நோய் என்றுதான் நிரல் முதலில் கேட்கும். ஆங்கிலத்தில் "ஆண்டி" என்று கேட்பதை அப்படியே "அத்தை" என்று மொழிபெயர்த்தால் கணக்கே மாறிவிடும். அப்பாவுடன் பிறந்தவரும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை. முன்னவருக்கு வந்த நோய் கணக்கில் சேரும். பின்னவர் திருமணத்தால் வந்தவர், சேராது. சித்தியும் அப்படித்தான்: அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? அத்தை மகனை மணந்தவர் வீட்டில் மாமியாரும் இரத்த உறவு! தமிழில் வரும் நிரல் "அப்பாவுடன் பிறந்தவரா?" என்று பிரித்துக் கேட்டாக வேண்டும்.

கேட்டாலும் பதில் தெரிய வேண்டுமே. "வயிற்றில் கட்டி" என்று சொல்லி மூடிய மரணங்கள் பல குடும்பங்களில் உண்டு. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்ற மூன்றையும் பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், மருத்துவர் ஆனாலும் சாட்பாட் ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.