மனித மூளையில் மடிப்புகள் ஏன்? மண்டையோட்டின் நெருக்கம் காரணமல்ல

பெங்களூரு: நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் மூளை அருங்காட்சியகத்தில், பதப்படுத்தப்பட்ட உண்மையான மனித மூளையைப் பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்க முடியும். மேடும் பள்ளமுமாக நெளிந்துள்ள அதன் மேற்பரப்பைக் காண்போருக்கு முதலில் எழும் கேள்வி, மூளை ஏன் இவ்வாறு மடிந்துள்ளது என்பதே.

மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர் மட்டுமே. சிந்தனைக்கும் மொழிக்கும் அடிப்படையான சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள் இதில் உள்ளன. இதனை விரித்தால் பரப்பளவு சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய நாளிதழின் ஒரு பக்க அளவு இருக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்துள்ளது.

சிறிய மண்டையோட்டுக்குள் பெரிய பரப்பு அடங்குவது மடிப்பால் கிடைக்கும் பயன். ஆனால், மண்டையோடு அழுத்துவதால் மடிப்பு உண்டாவதில்லை. மூளையின் வளர்ச்சியே அதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

கருவின் மூளை சுமார் 20 வாரங்கள் வரை பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். அதன் பின்னர் புறணி, தனக்கு அடியில் உள்ள பகுதியை விட வேகமாக விரிவடைகிறது. இரண்டும் ஒட்டியிருப்பதால், விரியும் அடுக்கு நகர இடமின்றி உள்நோக்கி மடிகிறது. திராட்சை காயும்போது உட்பகுதி சுருங்குவதால் தோல் மடிகிறது. மூளையிலோ மேலடுக்கு மிகுதியாக வளர்வதால் மடிகிறது.

சென்னை ஐஐடியில் பயின்றவரும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமான எல். மகாதேவன், பின்லாந்து, பிரான்ஸ் ஆய்வாளர்களுடன் இணைந்து 2016-ஆம் ஆண்டு இதனைச் சோதனை மூலம் காட்டினார். கருவின் எம்ஆர்ஐ படத்தைக் கொண்டு, மடிப்பில்லாத மூளை மாதிரி ஒன்று கூழ்மத்தில் வார்க்கப்பட்டது. மெல்லிய மேலடுக்கு பூசி அதனைக் கரைப்பானில் அமிழ்த்தியபோது, மேலடுக்கு மட்டும் உப்பி, உண்மையான மூளையை ஒத்த மடிப்புகள் தோன்றின.

மடிப்புகள் சரிவர உருவாகாவிட்டால் பாதிப்பு கடுமையாகும். கருவின் மூளைக்குள் உருவாகும் நரம்பு செல்கள் மேற்பரப்பை நோக்கி முறையாக இடம்பெயராதபோது, 'லிஸ்ஸென்செஃபலி' எனப்படும் வழவழப்பான மூளை நிலை ஏற்படுகிறது. இக்குழந்தைகளுக்கு வலிப்பு நோயும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படக்கூடும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேனில், இயல்பான மூளையும் பெரும்பாலும் வழவழப்பாகவே தெரியும் என்பதால், இக்குறையை அப்போதே கண்டறிவது கடினம்.

எனவே, மடிப்புகள் தோன்றுவதற்கு முன்பு கருமூளையில் நிகழும் மாற்றங்களை அறிவது அவசியமாகிறது. இதற்கு உதவும் வகையில், சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 'தரணி' என்ற கருமூளை வரைபடத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. கர்ப்பத்தின் இடைப்பட்ட மூன்று மாத காலக் கருமூளைகளின் 5,132 நுண் சீவல்களை, செல் அளவிலான துல்லியத்துடன் முப்பரிமாணத்தில் காட்டும் இத்தொகுப்பை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.