பொன்னிறக் கூந்தல்… தப்புக் கணக்கு!

பெரிய இடத்துத் துணிக்கடை. பிங்க் டிரெஸ், நீளமான பொன்னிறக் கூந்தல் சகிதம் ஒரு காலேஜ் பொண்ணு உள்ளே நுழைகிறாள். பார்த்ததுமே கடைக்காரம்மா மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. 'அப்பா காசு… அசட்டுப் பொண்ணு… மாட்டுச்சுடா பட்சி!' தள்ளுபடியில் தொங்கிய பழைய டிரெஸ்ஸின் விலைச் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, இப்பத்தான் வந்து இறங்கிய சரக்கு என்று நீட்டுகிறார்.

பொண்ணு துணியைத் தடவிப் பார்க்கிறாள். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு தையலைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்கிறாள். ''ஆமாமா… அதே தையல்தான்!'' என்று தலையாட்டுகிறார் கடைக்காரம்மா. அவ்ளோதான், மாட்டிக்கிட்டார். அந்த வகை ரேயான் துணியில் அப்படித் தையலே போட முடியாதாம், நூல் இழுத்துக்கொள்ளுமாம். தவிர, அந்த டிரெஸ் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே 'வோக்' பத்திரிகையில் வந்த அரதப் பழசு. சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நகர்கிறாள் பொண்ணு. செம பல்பு!

2001-ல் வெளியான 'லீகலி பிளாண்ட்' படம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே வரும் சீன் இது. பொண்ணு பேர் எல் உட்ஸ். நடித்தவர் ரீஸ் விதர்ஸ்பூன். 1 கோடியே 80 லட்சம் டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. டி.வி-யில் போட்டால் பாப்கார்னோடு பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிற ஜாலிப் படம் என்றுதான் தோணும். ஆனால், இந்தத் துணிக்கடை சீனில் ஒரு விஷயம் கவனிங்க. கடைக்காரம்மாவை அவள் ஜெயித்தது புத்தகப் படிப்பால் இல்லை. 'இவளுக்கு இதைத் தவிர என்ன தெரியும்?' என்று எல்லோரும் இளக்காரமாக நினைக்கிற துணிமணி அறிவால். இதை மனசில் ஓரமாகப் போட்டு வையுங்க, கோர்ட் சீனுக்குத் தேவைப்படும்.

பொன்னிற முடிக்காரப் பெண்ணுக்கு இங்கிலீஷில் 'பிளாண்ட்' என்று பெயர். பார்க்க அழகு, மேல் மாடி காலி என்பது அந்த ஊர்க் கிண்டல். நம்ம செல்போன்களில் ஒரு காலத்தில் சர்தார்ஜி ஜோக் எஸ்.எம்.எஸ்-கள் சுற்றினவே… அதே சரக்கு, ஆள் மட்டும் வேற. அதுவும் இதுவும் ஒரே அளவுக்கு மட்டம்தான்.

இந்த வியாதி தொடங்கியது எங்கே தெரியுமா? மேடையில்! பாரிஸில் ரோசாலி துதே என்று ஒரு அழகி இருந்தார். வாயைத் திறக்கும் முன் ரொம்ப நேரம் சும்மா நிற்பாராம். 1775-ல் அதை வைத்தே ஒரு நாடகம் போட்டு ஊரைச் சிரிக்க வைத்தார்கள். உலகின் முதல் 'மக்கு பிளாண்ட்' இவர்தான் என்று சொல்வதுண்டு. யோசித்துப் பேசியதற்கே இந்தக் கதி!

அப்புறம் சினிமா வந்தது. கூடவே ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வந்தது. பிறவியில் எந்த நிறமாக இருந்தாலும் வெளுத்துத் தங்கமாக்கிவிடலாம். 1931-ல் ஜீன் ஹார்லோ நடித்த ஒரு படத்துக்குப் பேரே 'பிளாட்டினம் பிளாண்ட்'. பிளாண்ட் என்பது முடியின் நிறம் என்பது போய், போட்டுக்கொள்ளும் வேஷமாக ஆனது இப்படித்தான்.

அந்த வேஷத்துக்குள்ளே என்ன இருக்கு என்று முதலில் எட்டிப் பார்த்தவர் அனிதா லூஸ். கறுப்பு முடிக்காரர், குட்டி உருவம், சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர். ஒருமுறை ரயிலில் போகும்போது கனமான பெட்டிகளோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒரு ஆணும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே ரயிலில் ஒரு பிளாண்ட் பொண்ணு கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்ததும், எடுத்துக் கொடுக்க ஆண்கள் போட்டி போட்டு ஓடினார்களாம். கடுப்பில் பிறந்ததுதான் 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' நாவல். 1925-ல் வந்தது. ஹீரோயின் லோரலி லீ எழுதும் டைரியாகவே போகும் கதை. ஸ்பெல்லிங் தப்பும் தவறுமாக எழுதுவாள். ஆனால், பக்கத்தைப் புரட்டப் புரட்டப் பார்த்தால், வைரத்தோடு வீடு திரும்புவது அவள். பர்ஸ் காலியாக நிற்பது புத்திசாலி ஆண்கள்.

1949-ல் பிராட்வே மியூசிக்கலானது. 1953-ல் சினிமாவானபோது லோரலியாக மர்லின் மன்றோ. தேவைப்படும்போது தனக்கும் மூளை வேலை செய்யும், ஆனால் ஆம்பளைங்களுக்கு அது பிடிக்காதே என்கிற அர்த்தத்தில் அதில் ஒரு வசனம் பேசுவார். தியேட்டர் சிரிக்கும். மன்றோ சிரித்திருப்பாரா, சந்தேகம்தான். படத்தின் தலைப்பிலேயே இருக்கும் 'பிளாண்ட்' அவர்தான். ஆனால், ஸ்டுடியோ ஒப்பந்தப்படி வாரச் சம்பளம். கூட நடித்த ஜேன் ரஸ்ஸல் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குத் தேறவில்லை. அடுத்தடுத்து அதே அசட்டு ரோல்கள் வர, 1954 கடைசியில் ஹாலிவுட்டுக்கு டாட்டா காட்டிவிட்டு நியூயார்க் போனார். சொந்தக் கம்பெனி தொடங்கி, நடிப்புப் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு வருஷம் மல்லுக்கட்டிய பிறகு ஸ்டுடியோ இறங்கி வந்தது. சம்பளமும் உயர்ந்தது, டைரக்டர் யார் என்பதில் அவர் சம்மதமும் வேணும் என்றானது.

செனட்டில் ஒரு மக்கு!

மன்றோவை எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டிய இன்னொருத்தர் ஜூடி ஹாலிடே.

1946-ல் பிராட்வேயில் 'பார்ன் எஸ்டர்டே' நாடகம். எழுதியவர் கார்சன் கேனின். நடிக்க வேண்டிய பிரபல நடிகை ஜீன் ஆர்தர் கடைசி நேரத்தில் விலகிவிட, சில நாட்களில் மொத்த வசனத்தையும் உருப்போட்டு மேடையேறினார் ஜூடி. நாடகம் 1,642 காட்சிகள் ஓடியது.

கதை இதுதான். காயலான் கடைச் சரக்கில் கோடீஸ்வரனான ஒரு முரடன், அரசியல்வாதியை விலைக்கு வாங்க வாஷிங்டன் வருகிறான். கூடவே காதலி பில்லி. அவள் பேச்சு நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறதே என்று, பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு பத்திரிகையாளனை அமர்த்துகிறான். அவளும் படிக்கிறாள். டிக்ஷனரியைப் புரட்டுகிறாள். படிக்கப் படிக்க, இவ்வளவு நாள் தான் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் என்ன இருந்தது என்று புரிகிறது. அவனுடைய திருட்டுக் கம்பெனிகள் எல்லாம் அவள் பேரில்! 'இனிமே கையெழுத்துப் போட மாட்டேன்' என்கிறாள். முரடனுக்கு வேர்க்கிறது.

படிப்பு வந்ததும் பொண்ணு மாறிட்டா… வழக்கமான கதைதானே என்று தோணும். இல்லை பாஸ். பாடமெல்லாம் தொடங்குவதற்கு முன்னாடியே ஒரு சீட்டாட்ட சீன் உண்டு. முரடனும் பில்லியும் ஜின் ரம்மி ஆடுகிறார்கள். வசனமே பெரிதாகக் கிடையாது. வாய்க்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சீட்டை அடுக்குகிறாள், கவிழ்க்கிறாள், ஜெயிக்கிறாள். மறுபடி ஜெயிக்கிறாள். கோடீஸ்வரன் கடுகடுவென்று காசை எடுத்து வைக்கிறான். அவளுக்கு மூளை முதல் நாளிலிருந்தே இருந்தது, யாரும் கேட்கத்தான் இல்லை என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டார்கள். இந்த மொத்த வகையறாவிலும் எனக்கு ரொம்பப் பிடித்த சீன் இதுதான். எல் உட்ஸைவிட பில்லிக்கே என் ஓட்டு!

1950-ல் நாடகம் படமானது. ஜூடிக்கு ஆஸ்கர். அந்த வருஷம் போட்டியில் தோற்றவர்கள் பெட்டி டேவிஸும் குளோரியா ஸ்வான்சனும். சாதாரண ஆட்கள் இல்லை.

நிஜ க்ளைமாக்ஸ் 1952-ல் நடந்தது. கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த காலம். கலைஞர்களைக் கூப்பிட்டு, 'உன் நண்பர்களில் யார் யார் சிவப்பு? பெயரைச் சொல்லு' என்று குடைவார்கள். சொன்னால் நண்பன் காலி, சொல்லாவிட்டால் நீ காலி. ஜூடியையும் செனட் துணைக் கமிட்டி கூப்பிட்டது. ஹாலிவுட்டின் படு புத்திசாலிகளில் ஒருவர் என்று பேர் வாங்கியிருந்த அவர், கமிட்டி முன்னால் போய் அப்படியே பில்லியாக உட்கார்ந்தார். வெகுளி முகம், சுற்றி வளைத்த பதில்கள். கேள்வி கேட்டவர்கள் குழம்பிப் போனார்கள். கடைசிவரை ஒரு பெயரும் வெளியே வரவில்லை. கொஞ்ச காலம் டி.வி., ரேடியோ வாய்ப்புகள் போனதுதான் அவர் கொடுத்த விலை. ஆண்கள் செய்துகொடுத்த அசட்டு முகமூடியைத் திருப்பி அவர்களுக்கே மாட்டிவிட்டார்!

மறுபடியும் எல் உட்ஸ்

இப்போ நம்ம பிங்க் பொண்ணுக்கு வருவோம். பணக்காரக் காதலன் வார்னர், முப்பது வயசில் செனட்டர் ஆகணும் என்று கனவு காண்கிறவன். ஜாக்கி கென்னடி மாதிரி மனைவி வேணும், மன்றோ மாதிரி வேணாம் என்று கழற்றிவிடுகிறான். (பாருங்க, அரை நூற்றாண்டு கழித்தும் மன்றோ தலைதான் உருளுது!) இவள் சட்ட நுழைவுத் தேர்வில் 180-க்கு 179 வாங்கி, அவன் பின்னாலேயே ஹார்வர்டு போகிறாள். 'மாறுவேஷ பார்ட்டி' என்று பொய் சொல்லி வரவழைக்கிறார்கள். முயல் வேஷத்தில் போய் அவமானப்பட்டு நிற்கிறாள். 'நான் என்ன பண்ணாலும் இவனுக்குப் போதாது' என்று அங்கேதான் உறைக்கிறது. அதே முயல் வேஷத்தோடு நேராகப் போய் வாங்குவது, ஒரு ஆரஞ்சு கலர் ஆப்பிள் லேப்டாப். காதல் அங்கே முடிந்தது, படிப்பு அங்கே தொடங்கியது.

அடுத்த அடி புரொபசர் கேலஹனிடமிருந்து. மூளையை மதித்துத்தான் கேஸில் சேர்த்தார் என்று நம்பியிருந்தால், ஆசாமி தொடை மேல் கை வைக்கிறார். படத்தின் நிஜமான வலி இதுதான். அசடு என்று சிரித்தவர்களைச் சமாளித்துவிடலாம். 'நீ கெட்டிக்காரி' என்று சொன்னவனே பொய் சொல்லியிருந்தால்? மூட்டை கட்டிக் கிளம்புகிறவளைத் தடுத்து நிறுத்துவது, முதல் நாள் வகுப்பைவிட்டே வெளியே அனுப்பிய கறார் பெண் புரொபசர். அதுவும் எங்கே? பியூட்டி பார்லரில்!

கோர்ட்டில் பிங்க் டிரெஸ்ஸோடு வந்து நிற்கிறாள். சாட்சி சொல்லும் பொண்ணு, துப்பாக்கிச் சத்தம் கேட்காததற்குக் காரணம், தான் ஷவரில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்ததுதான் என்கிறாள். ஆனால், அன்று காலையில்தான் முடியைச் சுருட்டும் 'பெர்ம்' செய்திருக்கிறாள். பெர்ம் செய்த 24 மணி நேரத்துக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது என்பது பார்லர் பாலபாடம். சுருட்டை கலையாமல் நிற்கிறதே… அப்போ குளித்தது பொய்! கேஸ் உடைகிறது. ஹார்வர்டு சட்டப் புத்தகம் எதிலும் இல்லாத பாயின்ட். (முதலாண்டு மாணவி கொலைக் கேஸ் நடத்துவதெல்லாம் நிஜத்தில் நடக்காது. காதுல பூதான். கண்டுக்காதீங்க.)

கண்டுக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. நீச்சல் குள வேலைக்காரன் ஒருத்தன் சாட்சி சொல்ல வருகிறான். இவளுடைய செருப்பு போன சீசன் மாடல் என்று அவன் கண்டுபிடித்துவிட்டதால், அவன் ஓரினச் சேர்க்கையாளன் என்று முடிவுகட்டுகிறாள் எல் உட்ஸ். அது சரியாகவும் போய்விடுகிறது! முடியைப் பார்த்து எடை போடாதே என்று சொல்ல வந்த படம், செருப்பைப் பற்றிப் பேசியதற்காக ஒருத்தனை எடை போடுகிறது. மியூசிக்கலில் இதை ஒரு முழுப் பாட்டாகவே இழுத்தார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். எனக்குக் கொஞ்சம் நெருடத்தான் செய்யும். அப்புறம், அப்பா பணம், நீச்சல் குளம் வைத்த வீடு… விழுந்தாலும் மெத்தை மேல் விழும் பொண்ணு இவள். அந்த மெத்தை இல்லாத பொண்ணு பிங்க்கில் வந்து நின்றிருந்தால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மேடைக்கு வந்தது 2007-ல். பிராட்வேயில் லாரா பெல் பண்டி எல் உட்ஸாக நடித்தார். டோனி விருதுக்கு ஏழு பிரிவுகளில் பரிந்துரை, கையில் கிடைத்தது பூஜ்யம். 2008-ல் மூட்டை கட்டினார்கள். லண்டனில் 2010-ல் ஷெரிடன் ஸ்மித் நடிக்க, அங்கே 2011 ஆலிவியர் விருதுகளில் சிறந்த புது மியூசிக்கலும் இதுதான், சிறந்த நடிகையும் அவர்தான். மேடையில் ஒரு நல்ல மாற்றம் செய்திருந்தார்கள். கேலஹன் முத்தமிட வருகிறார், இவள் அறைகிறாள், வேலை போகிறது. நீல கோட்டோடு ஊருக்குக் கிளம்புகிறவளைத் திரும்பக் கூப்பிடுகிறவர்களில் முக்கியமான ஆள், வார்னரைப் பங்கு போட வந்த எதிரி விவியன். இவள் மறுபடி பிங்க்குக்கு மாறிக்கொண்டு கோர்ட்டுக்கு நடக்க, தியேட்டரில் விசில் பறக்கும். 2022-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் எல் உட்ஸாக வந்தவர் கோர்ட்னி போமன் என்கிற கறுப்பின நடிகை. ஒல்லி உடம்பு, வெள்ளைத் தோல் என்ற நிபந்தனைகள் இல்லாமலே அந்த ரோல் அமர்க்களமாக நின்றது.

படத்தின் முடிவு பற்றி ஒரு குட்டித் தகவல். முதலில் எடுத்த க்ளைமாக்ஸ், கோர்ட் வாசலில் ஜோடியின் முத்தத்தோடு முடிந்தது. முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது பத்தவில்லை. அவளுக்கு ஜோடி சேர்ந்ததைவிட அவள் படித்து முடித்ததைப் பார்க்கணும் என்றார்கள். அதனால்தான் பட்டமளிப்பு விழா சீனைப் பிறகு எடுத்துச் சேர்த்தார்கள். வார்னருக்கு அதில் ஆனர்ஸும் இல்லை, காதலியும் இல்லை, வேலையும் இல்லை. அந்த நேரம் ரீஸ் வேற படத்துக்காக இங்கிலாந்தில் இருந்ததால், லண்டன் டல்லிச் கல்லூரிதான் ஹார்வர்டாக நடித்தது. கூந்தலையும் அதற்குள் மாற்றியிருந்தார். மேடையில் நின்று மாணவர்கள் சார்பாக எல் உட்ஸ் பேசும்போது தோளில் புரள்கிறதே பொன்னிற முடி… அது விக்!