வழுக்கைக்குத் தைலமா? காசைக் கரைக்காதீங்க!

'டாக்டர், நம்ம ஊர்ப் பேரே நெல்லித்தோப்பு. நெல்லித் தைலம் தேய்ச்சா அறுபது வயசிலும் முடி முளைக்குமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு.

சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: முளைக்காது! நெல்லி, கரிசலாங்கண்ணித் தைலம் வறட்சியைப் போக்கும், அவ்வளவுதான். பரம்பரையும் ஹார்மோனும் மயிர்க்கால்களைச் சுருக்குவதால் வருவதே வழுக்கை. அதைக் குணமாக்குவதாக மருந்துகள் உரிமை கோருவதை, 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது.

தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால், ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்க. வட்டமாக உதிர்ந்தால் புழுவெட்டு. அதற்கு வைத்தியம் வேறு.

வெயிலில் தொப்பி போடுங்க. பேரப்பிள்ளை ஆசையாகத் தடவுகிற தலைதானே, வெட்கம் எதற்கு?