அத்திக் கன்று வாங்குமுன் இலையைப் பாருங்க



"வீட்டுல அத்தி வைக்கலாமா?" என்று காட்டூர் பகுதிக் குழுக்களில் பலரும் கேட்கிறீர்கள். வைக்கலாம். எந்த அத்தி என்பதுதான் கேள்வி.

நாட்டு அத்தி ஆற்றோரத்து மரம். 2019-ல் காஞ்சிபுரத்தில் நாம் கும்பிட்ட அத்திவரதர் இந்த மரத்தில் செய்தவர்தான். ஆனால் இரண்டு, மூன்று செண்ட் மனைக்கு இது ஆகாது. பெரிய மரமாகி, வேர் அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் போகும். பழத்துக்குள் சின்னக் குளவிகளும் இருக்கும். பிட்டுப் பார்த்தால் சொத்தை என்று பழமொழி சொல்வது இதைத்தான்.

கடையில் காய்ந்த மாலையாகக் கோர்த்து விற்பது சீமை அத்தி. இதில் பூனா ரகம் வீட்டுக்கு நல்லது. குளவி இல்லாமலே காய்க்கும். புனே மாவட்டம் புரந்தர் பகுதி அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

நர்சரியில் இரண்டையும் 'அத்தி' என்றே சொல்வார்கள். காசு கொடுக்குமுன் இலையைப் பாருங்க. சீமை அத்தி இலை கைவிரல் போலப் பிரிந்து, தொட்டால் சொரசொரன்னு இருக்கும். நாட்டு அத்தி இலை பிரியாமல் மாவிலை போல ஒரே இலையாக இருக்கும். விதைக் கன்று வேண்டாம். போத்து அல்லது பதியன் கன்றாகக் கேளுங்கள்.

நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் இரண்டடிக் குழி எடுத்து, மக்கிய எரு, மண், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு போட்டு நடுங்கள். இடமில்லையா? அடியில் ஓட்டை போட்ட பழைய டிரம் போதும். தண்ணீர் தேங்கவே கூடாது. பழம் பழுக்கும் சமயம் தண்ணீரைக் குறைக்கணும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். மழைக்காலத்தில் இலையடியில் துரு போலப் படிந்தால் அந்த இலைகளைப் பறித்து எரித்துவிடுங்கள். பால் பட்டால் அரிக்கும், குழந்தைகளைப் பறிக்க விடாதீங்க. அணிலுக்கும் கிளிக்கும் முன்னால் நீங்கள் பறிக்க வேண்டுமானால் பழைய கொசுவலையால் மூடுங்கள்.

ஒரு விஷயம். அத்திப்பழம் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று சொல்லி, கர்ப்பிணிகள் சிலர் சத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. பழம் நல்லதுதான், மலச்சிக்கலுக்கும் உதவும், மாத்திரைக்குப் பதிலாகாது.

புதுக் கிளையில்தான் நன்றாகக் காய்க்கும் என்பதால் காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்யணும். வெட்டிய குச்சிகளைத் தூக்கிப் போடாதீங்க. விரல் தடிமனில், ஒரு சாண் நீளக் குச்சியைப் பாதி புதைத்து நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். ஒரு குழுவுக்கு ஒரு கன்று வாங்கினாலே போதும், மற்றவர்களுக்குக் குச்சி அதிலிருந்தே கிடைத்துவிடும்.